அரசமரத்தைச் சுற்றி வந்த ஆய்வேடு

மதுரையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



தமிழ்த் துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்கள் பெரிதும் அஞ்சுகிற சொல் 'திருத்தம்'. நெறியாளர் இயலைத் திருப்பிக் கொடுத்து, 'கருதுகோளை மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று சொன்ன மாத்திரத்தில் மாணவர் முகம் வாடிவிடுகிறது. மூன்று மாத உழைப்பு மண்ணாய்ப் போயிற்று என்று விடுதிக்குத் திரும்புகிறார். இந்த உரை அந்தச் சொல்லின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறது. ஒரு சிறுகதையின் குறியீட்டை ஆராயப் புகுந்தவர், முதல் நாள் எழுதிய கருதுகோளோடே கடைசி நாளும் நிற்கிறார் என்றால், இடையில் அவர் அந்தக் கதையைப் படிக்கவேயில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

பொதுப்படப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆகவே ஒரு கதை, ஒரு குறியீடு, ஒரு மாணவி. கதை, வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்'. குறியீடு, அந்த அரசமரம். மாணவி, மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்டு, மாட்டுத்தாவணியில் இறங்கி வண்டி மாறி, நாகமலைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும் முனைவர் பட்ட ஆய்வாளர். மாணவியும் அவருடைய நெறியாளரும் மட்டும் கற்பனை. கதையும் அதைச் சுற்றியுள்ள செய்திகளும் மெய்.

முதல் வரைவு

'குளத்தங்கரை அரசமரம்' 1915-இல் 'விவேகபோதினி' இதழில் வந்தது. ஐயர் அப்போது பிரிட்டிஷ் அரசின் பிடிக்கு எட்டாமல் புதுச்சேரியில் இருந்தார். பின்னர் அது 'மங்கையர்க்கரசியின் காதல்' தொகுப்பில் சேர்ந்தது.

காமேசுவரையர் மகள் ருக்மிணி குளத்தங்கரை அரசமரத்தடியில் விளையாடி வளர்ந்த குழந்தை. நாகராஜனுக்கு அவளைக் கட்டிக் கொடுக்கிறார்கள். தகப்பனாரின் செல்வம் கரைந்ததும் மாமியார் வீட்டின் போக்கு மாறுகிறது. மகனுக்கு வேறிடத்தில் பெண் பார்க்கிறார்கள். நாகராஜனோ அதற்கு இசைந்தவன்போல் நடந்துகொள்கிறான். அதை உண்மையென்று நம்பிய ருக்மிணி குளத்தில் உயிரை விடுகிறாள். அவன் துறவு பூண்டு ஊரை விட்டே போகிறான். இத்தனையையும் நமக்குச் சொல்வது மரம்.

மாணவியின் முதல் கருதுகோள் இப்படி இருந்தது: 'இக்கதையில் அரசமரம், மாறாத சமூக மரபின் குறியீடாக நிற்கிறது.' இதற்குச் சான்று தேடுவது எளிது. மரங்களுள் தான் அரசு என்று கீதையில் கண்ணன் சொல்கிறான். புத்தர் ஞானம் பெற்றது அதன் அடியில். அமாசோமவாரத்தில் பெண்கள் அதை வலம் வருகிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்மாய்க் கரையிலோ ஊருணிக் கரையிலோ ஓர் அரசமரம் நின்றால், அதனடியில் ஒரு பிள்ளையாரும் மஞ்சள் பூசிய நாகக் கற்களும் இருப்பது வழக்கம். வேம்பும் பக்கத்தில் வளர்ந்திருந்தால் இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். இவற்றையெல்லாம் அடுக்கி இருபது பக்கம் எழுதிவிட்டார்.

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதை என்று ஊரில் சொல்வார்கள். குறியீட்டு ஆய்வில் நடக்கும் அவசரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. மரம் கண்ணில் பட்டதும் பொருள் கையில் கிடைத்துவிட வேண்டும் என்கிற அவசரம் அது.

நெறியாளர் அந்த இருபது பக்கத்திலும் ஓரிடத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இது எந்த அரசமரத்துக்கும் பொருந்துமே. இந்த மரம் இந்தக் கதையில் என்ன செய்கிறது?'

மரம் அறிந்த இரகசியம்

மாணவி மறுபடியும் கதைக்குப் போனார். இந்த முறை கையில் பேனாவும், நான்கு பத்தியாகக் கோடு போட்ட ஒரு முழுத்தாளும் இருந்தன. மரம் கண்டது, மரம் கேட்டது, மரம் நினைத்தது, மரத்தால் செய்ய முடியாமல் போனது என்று தலைப்பிட்டார். வரி வரியாகப் படித்து நிரப்பினார்.

கதையின் நடுவில் ஓர் இடம் அவரை நிறுத்தியது. நாகராஜன் தன் சிநேகிதன் ஸ்ரீநிவாசனிடம் மனத்தைத் திறந்து பேசுகிறான். பெற்றோர் சொல்வதற்கு இசைந்ததுபோல் கடைசிவரை நடிக்கப்போவதாகவும், ருக்மிணியைக் கைவிடும் எண்ணம் தனக்கு அறவே இல்லை என்றும் சொல்கிறான். மரம் இதைக் கேட்கிறது. கேட்டு நிம்மதி கொள்கிறது. ருக்மிணிக்கு இது தெரியாது. நாகராஜனின் எண்ணமும் ருக்மிணியின் துயரமும் ஒருசேரத் தெரிந்த சாட்சி அந்த ஊரில் மரம் ஒன்றுதான். அவள் மனமுடைந்து அதன் நிழலில் நிற்கும்போது ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். மரத்துக்கு வாயில்லை.

நான்காம் பத்தி நிரம்பி வழிந்தது. சமூக மரபின் குறியீடு என்றால் மரம் மாமியார் வீட்டின் பக்கம் நின்றிருக்க வேண்டும். அது ருக்மிணிக்காகத் துடிக்கிறது. ஆகவே முதல் கருதுகோளின் மீது ஒரு கோடு விழுந்தது. அதன் மேல் எழுதப்பட்டது: 'அனைத்தும் அறிந்தும் தடுக்க இயலாத சாட்சி.'

சாட்சி என்ற சொல் கிடைத்ததும் மதுரைக்காரரான அவருக்கு வேறொரு மரம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'வன்னியும் கிணறும் இலிங்கமும் அழைத்த படலம்' இருக்கிறது. ஒரு வணிகப் பெண் மதுரைக்கு வரும் வழியில், திருப்புறம்பயத்தில், வன்னிமரமும் கிணறும் இலிங்கமும் சான்றாக மணமுடிக்கப்படுகிறாள். மதுரை வந்தபின் கணவனின் மூத்தாள் அவளை இகழ்ந்து, உன் கல்யாணத்துக்கு யார் சாட்சி என்று கேட்கிறாள். அவள் சொக்கநாதரை நினைத்து அழ, அந்த மரமும் கிணறும் இலிங்கமும் மதுரைக்கே வந்து தோன்றுகின்றன. சிலப்பதிகாரத்திலும், பாண்டிமாதேவியின் முன் நின்று புகாரின் கற்புடைப் பெண்களை எண்ணிச் சொல்லும் கண்ணகி, வன்னிமரத்தைச் சான்றாகக் காட்டிய ஒருத்தியிடமிருந்துதான் தொடங்குகிறாள்.

பெண்ணின் மணவாழ்வுக்கு மரம் சாட்சி நிற்பது தமிழில் பழைய வழக்கு. புராணத்து மரம் உரிய நேரத்தில் வந்து மானம் காத்தது. ஐயரின் மரத்துக்கு அந்த அருள் கிடைக்கவில்லை. அது வாய் திறப்பது எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் வாசகரிடம் மட்டும். இந்த வேறுபாட்டைக் கண்டபோதுதான் தன் ஆய்வு தொடங்கியிருக்கிறது என்று மாணவிக்குத் தோன்றியிருக்கும்.

அருபத்துநாட் முறிந்த நாள்

சாட்சி சரி, எதற்குச் சாட்சி? முதல் வரைவில் அவர் ஒரே வரியில் தாண்டிப் போன செய்தி ஒன்று உண்டு. காமேசுவரையரின் பணம் 'அருபத்துநாட்' கம்பெனியில் போனது என்கிறது கதை. அதைக் கதைக்காகப் புனைந்த பெயர் என்றே அவர் எண்ணியிருந்தார்.

அது சென்னையில் வேரூன்றியிருந்த ஆர்பத்நாட் கம்பெனி. 1906 அக்டோபர் 22 அன்று கதவை மூடியது. சேமிப்பை அங்கே போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் நொடித்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. இந்தியர் பணத்துக்கு இந்தியர் நடத்தும் வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முனைந்ததும், 1907-இல் இந்தியன் வங்கி பிறந்ததும் அந்த அதிர்ச்சியின் விளைவு. கதை அச்சேறிய 1915-இல், 'அருபத்துநாட்' என்ற ஒரு சொல்லே வாசகர் வயிற்றைக் கலக்கியிருக்கும். விளக்கம் தேவைப்பட்டிராது.

இன்றைய வாசகருக்கு அந்தச் சொல் வெறும் ஓசை. ஆய்வாளர் பயன்படுவது இங்கேதான். ருக்மிணியின் வாழ்வை முறித்தது ஏதோ கால காலமான மரபு என்று எழுதினால், ஒரு குறிப்பிட்ட ஆண்டின் குறிப்பிட்ட பணமுறிவை அந்த எழுத்து மறைத்துவிடும். நேற்றுவரை சீர்வரிசையோடு வந்த மருமகள் இன்று சுமையாகிப் போனாள். மரம் கண்டது அந்தக் கணக்கைத்தான்.

மாணவி இன்னொரு படி மேலே போய், அரசமரம் நிலைத்த நிலத்தின் குறியீடு, கம்பெனி நிலையற்ற காசின் குறியீடு என்று ஓர் எதிரிணையும் எழுதிப் பார்த்தார். படிக்க அழகாக இருந்தது. கதையில் அதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. ஓரத்தில் கேள்விக்குறி இட்டு ஒதுக்கி வைத்தார். செங்கல் அழகாக இருக்கிறது என்பதற்காகச் சுவரில் வைத்துவிட முடியாது.

கங்கைக் கரைப் படிக்கட்டு

அடுத்து வந்தது பெரிய அடி. ரவீந்திரநாத் தாகூர் 1884-இல் 'பாரதி' என்ற வங்க இதழில் 'காட்டேர் கதா' என்ற கதையை எழுதினார். படித்துறை சொல்லும் கதை அது. கங்கைக் கரையின் கற்படிகள், தங்கள்மீது ஓடி விளையாடிய குசும் என்ற சிறுமியை நினைவுகூர்கின்றன. சிறு வயதிலேயே மணமாகி, சிறு வயதிலேயே கைம்பெண்ணாகி அதே கரைக்குத் திரும்புகிறாள் அவள். ஊருக்கு ஒரு துறவி வருகிறார். அவர்மீது அவள் மனம் படிகிறது. தன்னை மறந்துவிடும்படி சொல்லிவிட்டு அவர் போகிறார். அவள் படியிறங்கி நீரில் மறைகிறாள்.

வாயற்ற ஒன்று கதை சொல்கிறது, நீர்க்கரை வருகிறது, விளையாடும் சிறுமி வருகிறாள், துறவு வருகிறது, நீரில் சாவு வருகிறது. ஐயரின் கதைக்குப் பின்னால் தாகூரின் கதை நிற்கிறது என்பதைத் தமிழ் விமரிசகர்கள் நெடுங்காலமாகவே சொல்லி வருகிறார்கள். 1913-இல் தாகூர் நோபல் பரிசு பெற்றபின் நாடெங்கும் அவர் எழுத்துக்குத் தேட்டம் இருந்தது. கவிஞர் பாரதியும் அவர் கதைகளைத் தமிழாக்கினார்.

ஐயரின் தனித்த படைப்பாற்றலில் பிறந்த குறியீடு என்று மூன்றாம் இயலில் எழுதியிருந்த ஆய்வாளருக்கு இது இடிவிழுந்தது போலத்தான். பலர் இந்த இடத்தில் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். தாகூர் செய்தியை ஓர் அடிக்குறிப்பில் ஒளித்து வைத்துவிட்டு, தன் இயலைக் காப்பாற்றிக்கொள்வது ஒன்று. தழுவல் என்று தீர்ப்பெழுதி, கதையையே தூக்கி எறிவது மற்றொன்று.

மாணவி மூன்றாவது வழியில் போனார். எது வந்தது என்பதோடு, எது மாறியது என்றும் பட்டியலிட்டார். படித்துறை மரமானது. ஆறு குளமானது. கைம்பெண் வாழும் மனைவியானாள். துறவி கதையின் நடுவில் வருவதற்குப் பதிலாக, கணவனே முடிவில் துறவியாகிறான். தாகூரில் காதல் குசுமின் மனத்துக்குள் ஒடுங்குகிறது. ஐயரில் பேச்சு முழுவதும் ஊருக்குள், வீடுகளுக்குள், வரதட்சிணைக் கணக்குக்குள் நடக்கிறது. படிக்கட்டு, தன்மீது வைக்கப்படும் பாதங்களை அறியும். மரமோ மேலிருந்து பார்க்கும், கீழே நடக்கும் பேச்சைக் கேட்கும், நிழல் கொடுக்கும். சிநேகிதர் இருவர் அந்தரங்கம் பேச ஒதுங்குகிற இடமாகப் படிக்கட்டைவிட மரத்தடி பொருந்தும். சாட்சி முழுமை பெற மரம்தான் வேண்டியிருந்தது.

இப்போது கருதுகோள் மூன்றாம் முறை மாறியது. குறியீடு யாருடைய சொத்து என்ற கேள்வி போய், இரவல் வந்த குறியீடு தமிழ் மண்ணில் ஊன்றியபோது என்ன புது வேலை செய்யத் தொடங்கியது என்ற கேள்வி வந்தது. முன்னதைவிட இதற்குப் பதில் எழுதுவது கடினம். ஆனால் எழுதத் தகுந்தது இதுதான்.

இதே கதையைப் பற்றிய இன்னொரு பெரிய முடிபும் இப்படி மாறி வந்திருக்கிறது. தமிழின் முதல் சிறுகதை இதுவே என்று நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. பாரதியின் 'ஆறில் ஒரு பங்கு' 1910-இலேயே வந்துவிட்டது என்பதும், அவர் அதற்கு முன்பே கதை எழுதத் தொடங்கிவிட்டார் என்பதும் தெரிய வந்தபின், 'முதல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கம் சேர்ந்தது. 1967-இல் கா. சிவத்தம்பி எழுதிய 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்', 1989-இல் சிட்டியும் சிவபாதசுந்தரமும் எழுதிய வரலாறு என்று ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. தமிழ்ச் சிறுகதை வரலாறு வளர்ந்ததே திருத்தங்களால்தான்.

அடிக்கப்பட்ட பத்தி

கதை விவேகபோதினியில் வந்தபோது அதன் கீழ் ஐயரின் பெயர் இல்லை. அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயர் இருந்தது. பெண்ணின் மனத்தை விளையாட்டுக்குக்கூடப் புண்படுத்தாதீர்கள் என்ற வேண்டுகோளோடு மரம் தன் பேச்சை முடிக்கிறது. 1915-இன் வாசகர் அதை ஒரு பெண்ணின் குரலாகவே படித்திருப்பார். கையொப்பமும் குறியீட்டின் பகுதி என்று மாணவி ஓர் உட்தலைப்பு சேர்த்தார். இது நிலைத்தது.

மற்றொன்று நிலைக்கவில்லை. 1925 ஜூன் 3 அன்று, பாபநாசம் மலையில் கல்யாண தீர்த்தத்தில், நீரில் அகப்பட்ட மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்த ஐயர் அவளோடு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44. நீரில் மூழ்கிய பெண்ணைப் பற்றிய கதையோடு நினைக்கப்படுகிற எழுத்தாளர், மகளைத் தேடி நீரிலேயே முடிந்தார். இதைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்று போகும். மாணவி அன்றிரவு ஒரு பத்தி எழுதினார். ஆய்வேட்டிலேயே மிக நன்றாக எழுதப்பட்ட பத்தி அதுதான். தன் முடிவை முன்னுணர்ந்த மனத்தின் குறியீடாகக் குளம் நிற்கிறது என்று அது முடிந்தது.

காலையில் அவரே அதை அடித்தார். 1915-இல் எழுதியவருக்கு 1925 தெரியாது. துயரம் உண்மை. தொடர்பு ஆய்வாளர் கட்டியது. சான்றில்லாத இடத்தில் உணர்ச்சியை வைத்து அடைத்தால், இறந்தவருக்கும் கதைக்கும் அது அநீதி. நன்றாக வந்த பத்தியை அடிப்பது, தவறாக வந்த பத்தியை அடிப்பதைவிடப் பல மடங்கு வலிக்கும். அந்த வலியைத் தாங்கிய மாணவரை நெறியாளர்கள் ஒரு வார்த்தையாவது பாராட்ட வேண்டும்.

தெய்வம் ஒழிந்த பொருள்கள்

குறியீடு என்றதும் பிரெஞ்சுக் கவிஞர்களையும் மேலைக் குறியீட்டு அகராதிகளையும் தேடி ஓடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. படிக்கட்டும். கூடவே தொல்காப்பியத்தையும் ஒரு தரம் புரட்டலாம். உள்ளுறை உவமம் கருப்பொருளை இடமாகக் கொண்டு பிறக்கும் என்கிறது அது. அதில் தெய்வத்தை மட்டும் விலக்கிவிடுகிறது. மரம், விலங்கு, பறவை, நீர், தொழில் என்று அந்த நிலத்து மக்கள் அன்றாடம் கையாளும் பொருள்கள்தாம் உள்ளுறைக்கு உரியவை.

இந்த விலக்கு ஆழ்ந்த யோசனையில் பிறந்தது. தெய்வத்துக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. அதைப் பாட்டுக்குள் கொண்டுவந்தால் வெளிப்பொருள் உள்ளே வந்து குந்திக்கொள்ளும். வாழைக்கும் வாளைமீனுக்கும் அப்படி இல்லை. பாட்டு கொடுத்தால்தான் அவற்றுக்குப் பொருள். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் பழத்தைப் பொய்கை வாளை கவ்விக்கொள்கிறது. வாளைக்கு எந்த முயற்சியும் இல்லை. பரத்தை இதைச் சொல்லும்போது தலைவனின் ஊர் கண்முன் வருகிறது. அவன் வாழ்வும் கூடவே வந்துவிடுகிறது. மாமரம் என்றால் இன்னது, மீன் என்றால் இன்னது என்று எந்த அகராதியைப் பார்த்தும் இதைச் சொல்லிவிட முடியாது.

மாணவியின் முதல் வரைவு அரசமரத்தைத் தெய்வமாக வைத்துப் படித்தது. பிள்ளையாரும் நாகமும் போதியும் கதைக்கு வெளியிலிருந்து வந்து குந்திக்கொண்டன. திருத்திய வரைவு அதைக் கருப்பொருளாக வைத்துப் படித்தது. சங்க இலக்கியத்தில் இயற்கை என்பதை எடுத்து ஆராய்ந்து, 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மு. வரதராசனார், 1971 முதல் 1974-இல் மறையும் வரை மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். அந்த வளாகத்தில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இந்த வழி அயல் வழி அன்று.

கல்லும் கதவும்

ஒரு கதைக்குள்ளேயே குறியீடு தன் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு. புதுமைப்பித்தன் 1943-இல் கலைமகளில் எழுதிய 'சாப விமோசன'த்தில், தொடக்கத்தில் அகலிகை கல்லாகக் கிடக்கிறாள். கல் தண்டனை. இராமன் பாததூளி பட்டு எழுகிறாள். பின்னர், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவனும் அதே இராமன்தான் என்று அறிந்ததும் மறுபடி கல்லாகிறாள். அந்தக் கல் தண்டனை ஆகுமா? முதல் பக்கத்தை வைத்து 'கல் சாபத்தின் குறியீடு' என்று எழுதிய ஆய்வாளர், கடைசிப் பக்கத்தில் தன் வாக்கியம் உடைவதைப் பார்க்கிறார். புதுமைப்பித்தனே இதற்கு முன் 'அகல்யை' என்று ஒரு கதை எழுதியிருந்தார். அதே பெண்ணிடம் திரும்பி வந்து வேறு விதமாக எழுதினார். எழுத்தாளருக்குத் திருத்தம் தகும் என்றால், ஆய்வாளருக்கு மட்டும் அது எப்படி இழிவாகும்?

கி. ராஜநாராயணனின் 'கதவு' 1965-இல் வந்த தொகுப்புக்கே பெயரானது. கரிசல்காட்டு வீடு ஒன்றின் பழைய கதவு, பிள்ளைகளுக்குப் பேருந்து. அதில் தொற்றிக்கொண்டு டிக்கெட் வாங்கிப் பயணம் போகிறார்கள். தாய்க்கு அது வாடைக்கும் நாய்க்கும் தடுப்பு. தீர்வை பாக்கிக்கு வந்தவர்களுக்குத் தூக்கிக்கொண்டு போகத்தக்க ஒரு சாமான். கதவு போன வீட்டில் கைக்குழந்தை குளிரில் நோயுற்று இறக்கிறது. பிறகு ஒருநாள் சாவடிக்குப் பின்னால் கரையான் ஏறிக் கிடக்கும் கதவை அக்காளும் தம்பியும் கண்டுபிடித்து அதைக் கட்டிக்கொள்கிறார்கள். கதவு என்றால் வாய்ப்பு, கதவு என்றால் தடை என்று எழுதுவோருக்கு இக்கதை இடமே தரவில்லை. அது முதலில் மரத்தாலும் இரும்பாலும் ஆன கனமான கதவு. குழந்தைகளின் கை அதில் பதிந்ததால்தான் நம் நெஞ்சில் அது வேறொன்றாகிறது.

எழுதியவரிடமே கேட்டுவிடலாமே என்ற ஆசை இளம் ஆய்வாளர் பலருக்கு எழும். 1963-இல் அமெரிக்காவில் புரூஸ் மெக்காலிஸ்டர் என்ற பதினாறு வயது பள்ளி மாணவர் அதைச் செய்தே பார்த்தார். கதைகளில் குறியீடுகளைத் தெரிந்தே வைக்கிறீர்களா என்று 150 எழுத்தாளர்களுக்குக் கேள்விக் கடிதம் அனுப்பினார். ஏறத்தாழ பாதிப்பேர் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 'கிழவனும் கடலும்' எழுதிய ஹெமிங்வே, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான் என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர் அப்படிச் சொன்னதால் அந்தக் கதையில் வரும் மீனைப் பற்றிய ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. வ.வே.சு. ஐயரிடம் கேட்க வழியில்லை. கேட்டிருந்தாலும் வேலை பாதியாகக் குறைந்திருக்காது.

திருத்தும் வேலை

நடைமுறையில் இது எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவது முறை. முதலில் பாடம். எந்தப் பதிப்பை வைத்து ஆராய்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். 2000-இல் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'புதுமைப்பித்தன் கதைகள்' ஒவ்வொரு கதையும் முதலில் வெளியான இதழையும் தேதியையும் பாட வேறுபாடுகளையும் தந்தபின், அதற்கு முந்திய பல முடிபுகளைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது. மதுரையில் இருந்துகொண்டே மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் கதையைப் படித்துவிடலாம். 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த செல்வம் அது. ஆனால் பழைய இதழின் பக்கம் எப்படி இருந்தது, பக்கத்தில் என்ன அச்சாகியிருந்தது, கையொப்பம் யாருடையது என்று அறிய, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குப் பயணம் போகத்தான் வேண்டும்.

அடுத்தது தேதி. கருதுகோளை மாற்றும்போது பழையதை அழித்துவிடாமல், தேதியிட்டுத் தனி நோட்டில் வைக்க வேண்டும். எந்தச் சான்று எந்த வாக்கியத்தைச் சாய்த்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். வாய்மொழித் தேர்வில், இந்த முடிபுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், அந்த நோட்டுதான் பதில்.

கடைசியாக, நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'குறியீடுகள்' என்று தலைப்பிட்டு, மரம் இன்னது, விளக்கு இன்னது, மழை இன்னது என்று வரிசையாகப் பட்டியல் போடும் ஆய்வேட்டை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு பென்சில் கேள்வி போடுங்கள். அந்தக் கேள்வி மாணவரின் ஓராண்டைத் தின்னலாம். அதற்காகத்தானே அத்தனை ஆண்டுகள் தரப்படுகின்றன.

தலைப்பின் முதற்பாதி

மாணவியின் கருதுகோள் இப்போது இந்த நிலையில் இருக்கிறது: 'தாகூரின் படித்துறையிலிருந்து வந்து, தமிழ்நாட்டு மரச் சாட்சி மரபில் ஊன்றி, 1906-இன் பணமுறிவுக்குப் பின்னான ஒரு குடும்பக் கணக்கைப் பெண்பெயர்க் கையொப்பத்தோடு உரைக்கும் குரலாக இக்கதையின் அரசமரம் செயல்படுகிறது.' நீளமான வாக்கியம். முதல் வாக்கியத்தைப் போலப் பளிச்சென்று இல்லை. ஆனால் இதன் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு சான்று இருக்கிறது. வேறு எந்தக் கதையின் அரசமரத்துக்கும் இது பொருந்தாது.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகிறார். கண்மாய்க் கரையில் பேருந்து நிற்கிறது. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கண்மாய் மடைவரை ஏறியிருக்கிறது. கரையில் அரசு. அவர் வழக்கம்போல் மரத்தைத்தான் பார்க்கிறார். பிறகு, கரைக்கு அப்பால் அசையாமல் கிடக்கும் நீரைப் பார்க்கிறார்.

கதையின் தலைப்பில் மரத்துக்கு முன்னால் குளம் நிற்கிறது. இரண்டு வருடமாக அவர் ஆராய்ந்தது தலைப்பின் பின்பாதியை மட்டும். தாகூரின் கங்கை ஓடுகிற ஆறு. குசுமை அது எங்கோ கொண்டு போய்விட்டது. குளம் ஓடாது. ருக்மிணி விழுந்த நீரில்தான் மறுநாளும் ஊர் குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், குடம் நிரப்ப வேண்டும். திருப்புறம்பயத்து மணமகளுக்கும் மரம் ஒன்று மட்டும் சாட்சியாக இருக்கவில்லை. வன்னியோடு ஒரு கிணறும் சேர்ந்தே வந்தது.

அவர் இறங்கிக்கொள்ள, பேருந்து கிளம்பிவிடுகிறது. கரைமேல் உட்கார்ந்து, பையிலிருந்து அந்தத் தனி நோட்டை எடுக்கிறார். புதுப் பக்கத்தில் தேதி போடுகிறார். அதன் கீழே 'குளம்' என்று எழுதி, நான்கு பத்தியாகக் கோடு போடத் தொடங்குகிறார்.